யாசர் நிரப்பிய கடல்

யாசருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். தக்காளிக் கூடையில் பழம் எது, காய் எது என்று அழுத்திப் பார்த்துத்தான் எடுப்பார். பள்ளிப்படிப்பு முடிகிறவரை இது அவருக்கே தெரியாது. கப்பல் வேலைக்கான பயிற்சியில் சேரச் சென்னைக்குப் போனபோது, மருத்துவப் பரிசோதனையில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டை ஒன்றைக் காட்டி, "இதுல என்ன நம்பர் தெரியுது?" என்று டாக்டர் கேட்டார். யாசருக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. அடுத்த அட்டையிலும் அதே புள்ளிகள்தான்.

"இருட்டுல எதிர்ல வர்ற கப்பல் எந்தப் பக்கம் போகுதுன்னு சிவப்பு லைட்டையும் பச்சை லைட்டையும் வெச்சுதான் தம்பி கண்டுபிடிக்கணும்" என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். விமான ஓட்டி ஆவதற்கும் இதே தடைதான் என்பதை வராந்தாவில் நின்றிருந்த யாரோ சொன்னார்கள்.

செஞ்சிக்குத் திரும்பி வந்தவர் கொஞ்ச நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு வந்தார். அத்தா உமர் பாரூக் நடத்திய பாத்திரக் கடையின் மாடியில் சொந்தமாக ஒரு சர்வீஸ் கடை போட்டார். இப்போது முப்பத்தாறு வயது. லேப்டாப்போ பிரிண்டரோ மக்கர் செய்தால் செஞ்சியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் "யாசர் பாய் கிட்ட குடு" என்பார்கள். அனந்தபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ரிஹானா, அதே கடையின் ஒரு மூலையில் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலைகளும் பார்த்துக்கொள்கிறார்.

யாசர் வேலையில்லாத நேரத்தில் விமானம் ஓட்டுவார். கம்ப்யூட்டரில்தான். ஃபிளைட் சிமுலேட்டர் என்கிற அந்தச் சமாசாரத்தில் உலகம் முழுக்க அப்படியே இருக்கும். புதுச்சேரி ஓடுபாதையில் கிளம்பி மேற்கே திருப்பினால் கொஞ்ச நேரத்தில் ராஜகிரி கோட்டையின் தலைக்கு மேல் வட்டமடிக்கலாம். வெளியே மழை பெய்தால் அங்கேயும் பெய்யும். நிஜமாகவே அந்த நேரத்தில் வானத்தில் பறக்கிற விமானங்கள்கூட அதனதன் உயரத்தில் அங்கே போய்க்கொண்டிருக்கும். கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர்களின் உறுப்புகளை எடுத்து அவரே பூட்டிய இயந்திரம் அது. ஓடும்போது மாவு மில் மாதிரி சத்தம் போடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடலோரமாகச் சென்னையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட வந்த ரிஹானா நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இன்னாங்க இது, கடலு காலியா கெடக்குது?"

"கடலு அப்டித்தான் இருக்கும்."

"மெரினாவுல நாம நின்னு பாத்தப்ப தூரத்துல வரிசயா கப்பலு நின்னுச்சே. இங்க ஒண்ணத்தயும் காணோமே. வானத்துல போற ஃபிளைட்டுலாம் இருக்குது, தண்ணில போறது மட்டும் எங்க போச்சு?"

யாசர் குனிந்து பார்த்தார். ஆமாம். இத்தனை வருஷமாக அந்தக் கடலின் மேல் பறந்திருக்கிறார், ஒரு தோணிகூட இல்லாததைக் கவனித்ததில்லை. துறைமுகத்துக்குள் மட்டும் விளையாட்டைச் செய்தவர்கள் வைத்த இரண்டு மூன்று பொம்மைக் கப்பல்கள், எந்த நாளும் அசையாமல் நின்றிருந்தன. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக இதைப் பற்றித் தேட ஆரம்பித்தார்.

தேடியபோது தெரிந்துகொண்ட விஷயம் அவரை மலைக்க வைத்தது. பெரிய கப்பல்கள் சும்மா போவதில்லையாம். ஒவ்வொன்றும் ரேடியோவில் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டு போகிறது. என் பெயர் இது, நான் இருக்கும் இடம் இது, இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன், என் நீளம் அகலம் இவ்வளவு. ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. கரையோரங்களில் ஆன்டெனா வைத்திருக்கிறவர்கள் அதைப் பிடித்து இணையத்தில் போடுகிறார்கள். யாரும் கேட்காவிட்டாலும் இத்தனை கப்பல்கள் இரவும் பகலும் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே போகின்றன என்பதை யாசர் ரிஹானாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அப்ப அத எடுத்து இதுல போட வேண்டிதான?" என்றார் ரிஹானா.

அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. யாசர் அதுவரை புரோகிராம் எழுதியதே இல்லை. உலகத்தின் மூலைமுடுக்கிலெல்லாம் இருக்கிற சிமுலேட்டர்க்காரர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் போய் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். யார் யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் வராத மதியங்களில் உட்கார்ந்து வரி வரியாகக் கற்றுக்கொண்டார். கடைசியில் ஒருநாள், இணையத்திலிருந்து வரும் கப்பல் விவரத்தை வாங்கி, அந்தந்த இடத்தில் ஒரு கப்பல் உருவத்தைக் கொண்டுபோய் வைக்கிற புரோகிராம் தயாரானது. ஓடவிட்டார். எழுபது கப்பல் வைத்தாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னது. சென்னைக் கடல் மேல் பறந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

எங்கே போயின எழுபது கப்பலும் என்று இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். பிறகுதான் புரிந்தது. வடக்கு தெற்கு எண்ணையும் கிழக்கு மேற்கு எண்ணையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த எண்கள் காட்டிய இடத்துக்கே விமானத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். வட துருவத்துக்குப் பக்கத்தில், பனி உறைந்த கடலில், சென்னைக்கு வந்த எழுபது கப்பலும் வரிசை கலையாமல் நின்றிருந்தன. கடையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். கீழே பாத்திரக் கடையிலிருந்து அத்தா, "இன்னாடா?" என்று குரல் கொடுத்தார்.

அதைச் சரி செய்ததும் கப்பல்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தன. அதையும் சரி செய்தபோது தவளை மாதிரி தாவின. புதுச் சேதி சில நிமிஷங்களுக்கு ஒருமுறைதான் வரும். வந்ததும் கப்பல் நின்ற இடத்திலிருந்து ஒரே தாவலாகப் புது இடத்துக்குப் போகும். அதற்கும் குழுவில் ஒருவர் வழி சொன்னார். அடுத்த சேதி வருகிறவரை, கடைசியாகச் சொன்ன திசையிலேயே கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே கப்பலை நீ நகர்த்திக்கொண்டிரு; சேதி வந்ததும் திருத்திக்கொள். யாசர் அப்படியே செய்தார். கப்பல்கள் கப்பல்களாக நகர ஆரம்பித்தன.

நிறம் மட்டும் அவர் கையில் இல்லை. யாசர் தானே வர்ணம் அடித்த முதல் எண்ணெய்க் கப்பலைப் பார்த்து ரிஹானா, "பாவக்கா மெதக்குற மாதிரி இருக்குது" என்றார். அன்றிலிருந்து அந்த வேலை ரிஹானாவுடையது. இணையத்தில் நிஜக் கப்பல்களின் படங்களைத் தேடியெடுத்து, அடிப்பக்கச் சிவப்பையும் மேலே அடுக்கிய பெட்டிகளின் நீலத்தையும் ஆரஞ்சையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து வைத்தார். துருவின் நிறம் மட்டும் சரியாக வரவில்லை என்று ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினார்.

எல்லாம் கூடிவந்த நாளில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். புதுச்சேரியில் கிளம்பி வடக்கே போனார்கள். மாமல்லபுரம் தாண்டும்போது அடிவானத்தில் ஒரு புள்ளி. அப்புறம் இன்னொன்று. கிட்டப் போகப் போகப் புள்ளிகள் கப்பல்களாயின. நிலக்கரி ஏற்றியவை, கார் ஏற்றியவை, பெட்டிகளை மலைபோல் அடுக்கியவை. ஒவ்வொன்றின் பின்னாலும் வெள்ளையாக நுரைக்கோடு நீண்டது. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே இடம் கிடைப்பதற்காக நங்கூரம் போட்டுக் காத்திருந்த கப்பல்கள், சின்னதும் பெரியதுமாக, தள்ளித் தள்ளி, ஆனால் எல்லாமே ஒரே திசையைப் பார்த்து நின்றன.

"நீங்கதான் இப்டி திருப்பி வெச்சீங்களா?" என்று ரிஹானா மெதுவாகக் கேட்டார்.

"நான் எதுவும் வெக்கல. இந்த நேரம் அங்க நெஜமாவே அப்டித்தான் நிக்குது. நீரோட்டமும் காத்தும் எல்லாத்தயும் ஒரே பக்கமா திருப்பி விட்டுடுது."

"தொழுகைக்கு நிக்கிற மாதிரி இருக்குதுங்க."

யாசர் விமானத்தை இன்னும் தாழ்வாக இறக்கினார். திரையில் இருப்பது பொம்மை என்று அவருக்குத் தெரியும்; வைத்தவரே அவர்தானே. ஆனால் அந்த இடங்களை அவர் வைக்கவில்லை. கிழக்கே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில், அதே கணத்தில் அதே வரிசையில் இரும்பு மலைகள் தண்ணீரில் நிற்கின்றன. ஒரு மனிதன் செஞ்சியில் மாடியில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்க முடிகிறது என்பதை நினைத்தபோது அவருக்குக் கைமுடி சிலிர்த்தது.

ஆனால் அந்தக் கடலில் ஓர் ஓட்டை இருந்தது. மரக்காணத்துக்கு நேரே கிழக்கில் போகும் கப்பல்களின் சேதி அடிக்கடி நின்றுபோனது. அந்தப் பக்கத்தில் கேட்டுச் சொல்ல யாரும் ஆன்டெனா வைக்கவில்லை என்றார்கள் குழுவில். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கடலிலிருந்து தூரம், ஆனால் ஊரைச் சுற்றி மலை என்று யாசர் எழுதினார். உயரம் இருந்தால் முயன்று பாருங்கள் என்று பதில் வந்தது.

சிங்கவரத்தில் இளவரசன் இருந்தார். யாசரோடு பள்ளியில் படித்தவர். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். வேர்க்கடலையும் நெல்லும் பயிரிடுகிற குடும்பம். அவர்கள் நிலத்தை ஒட்டியே உருண்டைப் பாறைகள் அடுக்கிய மாதிரி ஒரு குன்று எழும். இளவரசனின் தம்பி ரஞ்சித் கப்பலில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பிட்டராக இருந்தார். அதனால் யாசர் வந்து விஷயத்தைச் சொன்னதும் இளவரசன் மறுபேச்சு பேசவில்லை. கோடை வெயில் தாழ்ந்த நேரத்தில் இருவரும் ஏறினார்கள். லேப்டாப், பென் டிரைவ் அளவே இருந்த ஒரு ரேடியோ, கேபிள் டி.வி. ஒயர், செப்புக் கம்பியில் யாசர் கட்டிய ஆன்டெனா. உச்சிப் பாறையில் கம்பியை நிறுத்திக் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

கிழக்கே வயல்கள், ஏரிகள், பனைமரங்கள், அதற்கப்பால் புழுதி படிந்த வானம். கடலின் சுவடே இல்லை.

"எங்க பாய் கடலு?" என்றார் இளவரசன். "இங்க இருந்து பாத்தா திண்டிவனமே தெரில."

"நமக்குத் தெரியாது. ரேடியோவுக்குத் தெரியுமான்னு பாப்போம்."

நேரம் போனது. இளவரசன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அப்போது கருந்திரையில் ஒரு வரி விழுந்தது. வெறும் எண்கள். பிறகு இன்னொரு வரி. மூன்றாவதில் ஒரு பெயர் இருந்தது. ஏதோ கொரியாப் பெயர். வேகம், திசை, இடம். யாசர் வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். மரக்காணத்துக்கு அப்பால், அந்த ஓட்டையின் நடுவில், ஒரு கப்பல் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

"இணையத்துல இருந்து வரல இளவரசா" என்றார் யாசர். ஆன்டெனாவைத் தொட்டுக் காட்டினார். "நேரா அங்க இருந்து இந்தக் கம்பிக்கு வருது. அது பேசறது நமக்குக் கேக்குது."

இளவரசன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கிழக்கே பார்த்தார். கீழே அவர் நிலத்தில் மாடுகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணின் மேல், அவர்களுக்குத் தெரியாமலே, கடலில் போகிற கப்பல்களின் பெயர்கள் காற்றோடு காற்றாகக் கடந்து போயிருக்கின்றன. இருட்டுவதற்குள் பதினெட்டுப் பெயர்கள் வந்து சேர்ந்தன. நாள் முழுக்கக் காய்ந்த காற்று, சாய்ந்தரம் ரேடியோ அலையை வளைத்து இன்னும் தூரத்திலிருந்தும் கொண்டுவந்து போடுமாம்.

பிறகு அங்கேயே ஒரு சின்ன சோலார் தகட்டோடு ஆன்டெனாவை நிரந்தரமாக நிறுத்தினார்கள். செஞ்சிக்குப் பக்கத்துக் குன்று ஒன்று கேட்டுச் சொல்ல, வங்காள விரிகுடாவின் அந்த ஓட்டை அடைபட்டது. யாசர் தன் புரோகிராமை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று குழுவில் போட்டார். பிரேசிலிலும் துருக்கியிலும் இருந்தவர்கள் தங்கள் ஊர்க் கடலில் கப்பல்கள் போகும் படங்களை அனுப்பினார்கள்.

கார்த்திகை மாதத்தில் புயல் உருவானது.

டி.வி.யில் வட்டம் வட்டமாகப் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறும் என்றார்கள். யாசர் அன்று காலை சிமுலேட்டரில் சென்னைக் கடலுக்குப் போனபோது நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. துறைமுகத்துக்குள் இருந்தவையும் வெளியே வந்தன. புயல் வரும்போது கரையை ஒட்டி நிற்பதைவிடக் கடலுக்குள் போவதுதான் கப்பலுக்குப் பாதுகாப்பு என்று அவர் படித்திருந்தார். பார்ப்பது வேறாக இருந்தது. அவர் விமானத்தை மேலே மேலே ஏற்றினார். விரிகுடா முழுக்கக் காலடியில் விரிந்தது. வடக்கே கப்பல்கள், கிழக்கே கப்பல்கள், இலங்கைப் பக்கம் கப்பல்கள். நடுவில் மட்டும் ஒன்றுமில்லாத பெரிய வட்டம். யாரும் கோடு போடவில்லை. ஆளாளுக்கு அவரவர் கப்பலைத் திருப்பியதில் புயலின் உருவம் கடலில் தானாக விழுந்திருந்தது.

"யா அல்லாஹ்" என்றார் ரிஹானா.

மதியம் கொட்டுகிற மழையில் இளவரசன் பைக்கில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாக்கண்ணு மழைக்குத் தலையில் உரச் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். ரஞ்சித்தின் கப்பல் சில்வர் ஹெரான், இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு எண்ணூருக்கு வந்து நாலைந்து நாளாகக் காத்திருந்தது. முந்தின நாள் வரை போனில் பேசினவர், அன்று காலையிலிருந்து எடுக்கவில்லை.

"தம்பி, என் புள்ள கப்பல இதுல காட்டுவியாமே. காட்டுப்பா" என்றார் அம்மாக்கண்ணு. நனைந்த காலோடு உள்ளே வரத் தயங்கினார். ரிஹானா கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

யாசர் பெயரைத் தேடினார். இருந்தது. விமானத்தை அங்கே கொண்டுபோனார். சாம்பல் மேகத்துக்குக் கீழே, பெரிய அலைகளின் மேல், நீளமான கப்பல் ஒன்று கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

"இதுவா?" அம்மாக்கண்ணு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "உள்ள இருக்கானா?"

"உருவம் நாங்க செஞ்சதும்மா. ஆனா அது போற எடமும் வேகமும் கப்பலே சொல்றது. புயல விட்டு வெலகித்தான் போவுது."

அம்மாக்கண்ணு கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரிஹானா டீ போட்டுக் கொடுத்தார். அது ஆறிப்போகிறவரை கையிலேயே இருந்தது. கப்பல் மெதுவாக, நிதானமாகப் போனது. பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

யாசர் மட்டும் வேறொன்றைக் கவனித்துவிட்டார். சில்வர் ஹெரானிடமிருந்து கொஞ்ச நேரமாகவே சேதி வரவில்லை. கரையில் இருக்கும் ஆன்டெனாக்களின் எல்லையைக் கப்பல் தாண்டிவிட்டது. கடைசியாகச் சொன்ன திசையிலும் வேகத்திலும் நகர்த்திக்கொண்டிரு என்று அவர் எழுதிய அந்த நாலு வரிதான் இப்போது அதை ஓட்டிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு பார்ப்பது மகனின் கப்பலை அல்ல, யாசரின் கணக்கை.

ரிஹானாவைப் பார்த்தார். ரிஹானாவும் புரிந்துகொண்டார். சொல்லாமல் விட்டால் இந்த அம்மா இன்று நிம்மதியாகப் போய்ப் படுப்பார். யாசர் அம்மாக்கண்ணு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கொஞ்ச நேரத்துக்கு முந்தி வரைக்கும் வந்தது நெஜம். இப்ப கப்பலு தூரமா போயிட்டதால சேதி வரல. இப்டித்தான் போயிருக்கும்னு நான் போட்ட கணக்குல இது ஓடுது. இந்தக் கணக்கு தப்பா கூட இருக்கலாம்."

இளவரசன் "பாய்..." என்று இழுத்தார். அம்மாக்கண்ணு கையமர்த்தினார்.

"அப்ப இது அவன் இல்ல."

"இல்லம்மா."

"எடுத்துடு தம்பி. பொய்யா ஓடற கப்பல பாத்துகினு நான் மனச தேத்திக்க வேணாம்."

யாசர் ஒரு பொத்தானை அழுத்தினார். அந்தக் கப்பல் இருந்த இடம் காலியானது. அலை மட்டும் இருந்தது. வெளியே மழை தகரத்தில் அறைந்தது. அம்மாக்கண்ணு எழுந்திருக்கவில்லை. தூரத்தில் வடக்கே சின்னதாகத் தெரிந்த இரண்டு மூன்று கப்பல்களைக் கையால் காட்டினார்.

"அதுங்க?"

"அதெல்லாம் இப்ப வந்த சேதி. நெஜம்."

"அதுலயும் புள்ளைங்க இருக்குமில்ல?"

"ஒவ்வொண்ணுலயும் இருவது பேரு, இருவத்தஞ்சு பேரு இருப்பாங்கம்மா. பிலிப்பைன்ஸு, சைனா, கேரளா, எல்லா ஊருக்காரங்களும்."

"அப்ப அங்க இட்டுகினு போ. அதுங்களயாவது பாக்கறன்."

யாசர் விமானத்தைத் திருப்பினார். ஒரு கப்பலின் மேல் போனார், அப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அம்மாக்கண்ணு பெயர் கேட்டார். யாசர் வாசித்தார். வாயில் நுழையாத அந்தப் பெயர்களை அவர் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு கப்பல் அலையில் தூக்கிப் போட்டபோது, "பாத்துப் போங்கடா கண்ணுங்களா" என்றார். கரண்ட் போகிறவரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புயல் கரை ஏறியது. செஞ்சியில் ஆட்கள் பார்த்தறியாத மழை. ஏரிகள் நிரம்பி வழிந்து சாலைகளை அறுத்தன. கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. உமர் பாரூக்கின் கடைக்குள் முழங்கால் தண்ணீர் வந்து அலுமினியப் பாத்திரங்கள் மிதந்தன. எல்லோரும் அதை அள்ளி மேலே ஏற்றுவதிலேயே பொழுது போனது. சிங்கவரத்துக் குன்றின் மேலிருந்த ஆன்டெனாவைக் காற்று கொண்டுபோய்விட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது.

கரண்டும் கேபிள் இன்டர்நெட்டும் வந்த அன்று யாசர் ஈர உடையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டார். தன் கணக்குப்படி சில்வர் ஹெரான் எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்துக்கு, அந்தமான் பக்கம் பறந்து போனார். தெளிந்த வானம், பளபளக்கும் தண்ணீர். கப்பல் இல்லை. சுற்றிச் சுற்றி வந்தார். இல்லை. ரிஹானா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பேர வெச்சு உலகம் பூரா தேடுங்க" என்றார். தேடினார். திரை சற்று யோசித்தது. பிறகு ஒரு வரி வந்தது.

இலங்கையில், திருகோணமலைக்கு நேர் கிழக்கில், அந்தக் கரையில் யாரோ வைத்திருந்த ஆன்டெனா பிடித்த சேதி. சில நிமிஷங்களுக்கு முன் வந்தது. சில்வர் ஹெரான், வடக்கு நோக்கி, நிதானமான வேகத்தில். யாசர் நினைத்ததற்கு எத்தனையோ நூறு கிலோமீட்டர் அப்பால். கப்பலின் கேப்டன் கிழக்கே போகிற போக்கில் எங்கேயோ தெற்கே திருப்பி, புயலின் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். கணக்கு ஓரிடம், கப்பல் ஓரிடம். யாசர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இவ்வளவு பெரிய தண்ணீரில், இவ்வளவு பெரிய காற்றில், மனிதர்கள் இரும்புப் பெட்டி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பிழைத்து வந்து, மறுபடியும் தங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

போன் டவர் இன்னும் வராததால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிங்கவரத்துக்குக் கிளம்பினார். சாலை அறுந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு வயல் வரப்பில் நடந்தார். அம்மாக்கண்ணு வாசலில் நனைந்த வேர்க்கடலையைப் பரப்பிக்கொண்டிருந்தார். யாசர் வருகிற வேகத்தைப் பார்த்து எழுந்து நின்றார்.

"கணக்கா, நெஜமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நெஜம்மா. இப்ப வந்த சேதி. வந்துகினு இருக்கான்."

அம்மாக்கண்ணு அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அன்னிக்கு வடக்கால போனாங்களே, அந்தப் புள்ளைங்க?" என்று கேட்டார். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார் யாசர். திரும்பிப் போய் ஒவ்வொரு பெயராகத் தேடிப் பார்த்து, எல்லாம் பத்திரம் என்று இளவரசனிடம் சொல்லி அனுப்பினார்.

ரஞ்சித் இரண்டு நாள் கழித்து எண்ணூரிலிருந்து பேசினார். ஒப்பந்தம் முடிந்து பங்குனியில் ஊருக்கு வந்தார். வந்த வாரமே அம்மாவோடு கடைக்கு வந்தார். வாட்டசாட்டமான ஆள், காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமாகப் பேசினார். சில்வர் ஹெரான் அப்போது வேறு ஆட்களோடு சிங்கப்பூர் நீரிணையில் போய்க்கொண்டிருந்தது. யாசர் விமானத்தை அங்கே கொண்டுபோனார். அந்தக் குறுகலான கடலில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் சந்தைக் கூட்டம்போல் நெருக்கியடித்துக்கொண்டு போயின. நடுவில் அதைக் கண்டுபிடித்துத் தாழ்வாக இறக்கினார்.

கப்பலின் தலையிலிருந்து வால் வரை விமானம் போய் முடிக்கச் சற்று நேரம் ஆனது.

"இவ்ளோ பெருசா பாய்?" என்றார் ரஞ்சித்.

"நீ அதுலயே இருந்தவன். என்னக் கேக்கற?"

"நான் இஞ்சின் ரூமு பாய். ஏறும்போது பக்கத்து செவுரு தெரியும். எறங்கும்போதும் அதான். மொத்தக் கப்பல நான் எங்க பாத்தேன்?" பின்பக்கத்தில், தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே, திரையில் விரல் வைத்தார். "இங்க. இதுக்கு உள்ளாற, தண்ணிக்குக் கீழ. புயல் அன்னிக்கு ஃபுல்லா இங்கதான் நின்னுகினு இருந்தோம். மேல இன்னா நடக்குதுன்னே தெரியாது. இஞ்சின் நிக்காம பாத்துகினா போதும்னு சொன்னாங்க."

அம்மாக்கண்ணு மகன் விரல் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். அந்தக் கடலையும், அதில் போகிற இத்தனை கப்பல்களையும், ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீருக்குக் கீழே இதேபோல ஓர் இடத்தில் நிற்கிறவர்களையும் யாசர் நினைத்துப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி சுத்துங்க பாய்" என்றார் ரஞ்சித்.

யாசர் விமானத்தை மெல்லச் சாய்த்துத் திருப்பினார்.